ஷெரீஃப் ஆக என்ன தகுதி, எவ்வளவு பயிற்சி? கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூப்பர்டினோவில் போலீஸ் ஸ்டேஷன் எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஆப்பிள் தலைமையகம் இருக்கிற அந்த ஊருக்குச் சொந்தமாக போலீஸ் இலாகா கிடையாது. ரோந்து வருகிற காரின் பக்கவாட்டில் 'ஷெரீஃப்' என்றுதான் எழுதியிருக்கும். சான்டா கிளாரா கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரீஃப் அலுவலகத்தோடு நகராட்சி ஒப்பந்தம் போட்டுக் காவலை வாங்கிக்கொள்கிறது. பக்கத்திலிருக்கும் சாரடோகாவும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸும் அப்படித்தான். வேலைக்காக இங்கே வந்து குடியேறுகிற நம் ஆட்கள் முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஷெரீஃப் என்றால் நமக்கு இரண்டு படங்கள் மனதில் வரும். ஒன்று, கௌபாய் படங்களில் சட்டையில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வருகிறவர். இன்னொன்று, பெரியவர்கள் நினைவில் இருக்கும் 'ஷெரீஃப் ஆஃப் மெட்ராஸ்'. அது ஊர்ப் பெரியமனிதர் ஒருவருக்கு மரியாதைக்காகக் கொடுத்த பதவி. முக்கிய விருந்தாளி வந்தால் வரவேற்பார், அவ்வளவுதான். இப்போது அந்தப் பதவியே இல்லை. கலிஃபோர்னியாவின் கவுண்டி ஷெரீஃப் இந்த இரண்டும் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர் அவர். கவுண்டிச் சிறையின் சாவியும் அவர் கையில்தான்.

மூன்று வருடம் முன்பு என் அக்கா மகன், "மாமா, நான் ஷெரீஃப் ஆகப்போறேன்" என்று வந்து நின்றான். கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் அவன் சொல்வது டெப்யூட்டி வேலை என்று புரிந்தது. பேச்சுவழக்கில் ரோந்து வருகிறவரைக்கூட 'ஷெரீஃப்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் சட்டப்படி ஒரு கவுண்டிக்கு ஒரே ஒரு ஷெரீஃப். மற்றவர்கள் எல்லாரும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டெப்யூட்டிகள். டெப்யூட்டி விண்ணப்பம் போட்டு, தேர்வு எழுதிச் சேர்கிறார். ஷெரீஃப் வேட்புமனு போட்டு, ஓட்டு வாங்கி வருகிறார். இரண்டுக்கும் தகுதி வேறு, கதவு வேறு. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம்.

முதலில், நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான ஷெரீஃப் சட்டம் எதுவும் இல்லை. கனெக்டிகட்டில் கவுண்டி ஷெரீஃப் பதவியையே 2000-ல் எடுத்துவிட்டார்கள். ஜார்ஜியாவில் ஷெரீஃபாக நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தக் கவுண்டியில் 2 வருடம் குடியிருந்திருக்க வேண்டும். போலீஸ் சான்றிதழ் இல்லாவிட்டால் பதவியேற்ற 6 மாதத்துக்குள் வாங்கிக்கொள்ளலாம். கலிஃபோர்னியா நேர்மாறு. அனுபவத்தை முதலில் காட்டு, பிறகு மனுப் போடு என்கிறது. அட்லாண்டாவில் இருக்கும் நண்பர் சொன்னதை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள். இனி எழுதுவது முழுக்க கலிஃபோர்னியாவைப் பற்றித்தான்.

குடியுரிமைக் கேள்வி

நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "கிரீன் கார்டு போதுமா, சிட்டிசன் ஆகியிருக்கணுமா?" பதில் இரண்டாகப் பிரிகிறது.

டெப்யூட்டி ஆக இப்போது குடியுரிமை தேவையில்லை. முன்பு குடிமகனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். 2022-ல் எஸ்பி 960 என்ற சட்டம் அந்த விதியை நீக்கியது. 2023 ஜனவரி 1 முதல், கூட்டரசுச் சட்டப்படி இங்கே வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும். கிரீன் கார்டுக்காரர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். எச்-1பி-யில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். அந்த விசா உங்களை அழைத்துவந்த கம்பெனியோடு கட்டப்பட்டது. அது தவிர, சில அலுவலகங்கள் தங்கள் சொந்த விதியாகக் குடியுரிமை கேட்பதும் உண்டு. விளம்பரத்தை முழுசாகப் படியுங்கள்.

ஷெரீஃப் விஷயம் வேறு. அரசுச் சட்டத் தொகுப்பின் 24001-ம் பிரிவு, கவுண்டிப் பதவிக்கு நிற்பவர் வேட்புமனுத் தாள் வாங்கும் நாளில் அந்தக் கவுண்டியின் பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும் என்கிறது. வாக்காளராகப் பதிவுசெய்ய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். ஷெரீஃப் பற்றிய பிரிவில் 'குடியுரிமை' என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. வாக்காளர் பட்டியல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. சன்னிவேலில் வீடு, அலமேடா கவுண்டியில் ஃப்ரீமான்டில் ஓட்டு என்று விட்டுவைத்திருப்பவர்கள் கவனிக்க: நிற்கப்போகும் கவுண்டியில்தான் ஓட்டு இருக்க வேண்டும்.

24004.3: ஐந்து வழிகளில் ஒன்று

ஷெரீஃப் தகுதியின் முதுகெலும்பு அரசுச் சட்டத் தொகுப்பின் இந்தப் பிரிவுதான். வேட்புமனு கடைசி நாளன்று இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் போதும்.

- மாநிலப் போலீஸ் தரநிலை மற்றும் பயிற்சி ஆணையம் கொடுக்கும் அட்வான்ஸ்டு சான்றிதழ். நடப்பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.
- முதுகலைப் பட்டம், கூடவே 1 வருடப் போலீஸ் அனுபவம்.
- இளங்கலைப் பட்டம், 2 வருட அனுபவம்.
- இரண்டாண்டு அசோசியேட் பட்டம், 3 வருட அனுபவம்.
- பள்ளிப் படிப்பு, 4 வருட அனுபவம்.

படிப்பு ஏற ஏற அனுபவம் குறைகிறது. எம்.எஸ். முடித்தவருக்கு ஒரே வருட அனுபவம் போதும் என்று கேட்டதும் என் அக்கா மகனுக்குக் கண் விரிந்துவிட்டது. ஆனால் அந்த 'அனுபவம்' என்ற சொல்லுக்குள் மூன்று முள் இருக்கிறது.

முதல் முள்: அது முழுநேர, சம்பளத்துடன் கூடிய வேலையாக இருக்க வேண்டும். சனி, ஞாயிறு ரிசர்வ் டெப்யூட்டியாகத் தொண்டு செய்தது கணக்கில் வராது.

இரண்டாவது முள்: தண்டனைச் சட்டத் தொகுப்பின் 830.1 அல்லது 830.2 பிரிவுக்குள் வரும் வேலையாக இருக்க வேண்டும். நகரப் போலீஸ், டெப்யூட்டி ஷெரீஃப், மாவட்ட வழக்கறிஞர் அலுவலகப் புலனாய்வாளர், நெடுஞ்சாலை ரோந்து, பல்கலைக்கழகப் போலீஸ் எல்லாம் இதில் அடங்கும். 831.5-க்குக் கீழே வரும் சிறைக் காவலர் வேலை இதில் இல்லை. எஃப்.பி.ஐ. அதிகாரியோ ராணுவப் போலீஸோ இந்தப் பிரிவுகளில் இல்லை. தமிழ்நாட்டுப் போலீஸில் பத்து வருடம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு வந்தவருக்கும் இதே பதில்தான். அந்த அனுபவம் வேலையில் கைகொடுக்கும், மனுவில் கைகொடுக்காது.

மூன்றாவது முள்தான் ஆழமாகக் குத்துவது. அந்த அனுபவத்தில் ஒரு பகுதியாவது மனுச் செய்யும் நாளுக்கு முந்தைய 5 வருடத்துக்குள் இருக்க வேண்டும். டெப்யூட்டியாக நாலு வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டு ரியல் எஸ்டேட் பக்கம் போய் ஆறு வருடம் கழித்து வந்தால் கதவு மூடியிருக்கும். அட்வான்ஸ்டு சான்றிதழ் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கடிகாரம் ஓடாது. அதனால்தான் நீண்ட காலத் திட்டம் வைத்திருப்பவர்கள் அந்தச் சான்றிதழைக் குறிவைக்கிறார்கள். இளங்கலைப் பட்டம் இருந்தால் ஏறக்குறைய ஆறு வருடப் பணியில் அதை எட்டலாம். பட்டம் இல்லாமல் பயிற்சிப் புள்ளிகளைச் சேர்த்து வருகிறவருக்கு ஒன்பது, பன்னிரண்டு என்று நீளும்.

இந்த விதி எப்போதும் இருந்ததில்லை. 1989-க்கு முன்பு, பதிவுபெற்ற வாக்காளர் யாராக இருந்தாலும் நிற்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1979-ல் ஜெயித்த மைக்கேல் ஹென்னஸி, கைதிகளின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர். போலீஸ் உடுப்பு போட்டவரே இல்லை. 32 வருடம் ஷெரீஃபாக இருந்தார். சட்டம் வந்தபோது ஏற்கெனவே பதவியில் இருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்ததால் அவரால் தொடர முடிந்தது. இன்று அவர் புதிதாக வந்து நின்றால் மனுவே ஏற்கப்படாது. 2021-ல் மாநில செனட்டர் ஸ்காட் வீனர் பழைய விதிக்கே திரும்பலாம் என்று எஸ்பி 271 மசோதாவைக் கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. போலீஸ்காரரைத் தவிர வேறு யாரும் போலீஸ் தலைவராகப் போட்டியிடவே முடியாது என்றால் வாக்காளருக்கு என்ன தேர்வு மிச்சம் இருக்கிறது என்று எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆனால் இன்றைய சட்டம் இதுதான், திட்டமும் இதை வைத்துத்தான் போட வேண்டும்.

பதவி உயர்வு பற்றி இந்தப் பிரிவு வாயே திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கேப்டன், கமாண்டர் ஆகியிருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பதவியில் இருந்த ஷெரீஃபைத் தோற்கடித்த அலெக்ஸ் வில்லனுவேவா, லெப்டினன்டாக ஓய்வுபெற்றவர். அந்தக் கவுண்டியில் பதவியில் இருப்பவர் தோற்று நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

டெப்யூட்டியாக உள்ளே நுழைவது

மேலே சொன்ன அனுபவம் எங்கிருந்து வரும்? பெரும்பாலோருக்கு இந்த வாசல்தான்.

அரசுச் சட்டத் தொகுப்பின் 1031-ம் பிரிவும் அதன் கிளைகளும் குறைந்தபட்சத் தகுதியைச் சொல்கின்றன. வயது 21, 2021-ல் வந்த ஏபி 89 சட்டம்தான் 18-ஐ 21 ஆக்கியது. பள்ளிப் படிப்போ அதற்குச் சமமான தேர்வோ பட்டமோ வேண்டும். நம்மூர் பிளஸ் டூ சான்றிதழை வைத்துக்கொண்டு வாதாடுவதை விட, இங்கே வாங்கிய பட்டம் இருந்தால் அதைக் காட்டுங்கள், இல்லையென்றால் பள்ளிப் படிப்புக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வை எழுதிவிடுங்கள், தலைவலி மிச்சம். ஃபெலனி எனப்படும் பெருங்குற்றத் தண்டனை இருந்தால் கதவு அடைத்தது அடைத்ததுதான். குடும்ப வன்முறைக்காக மிஸ்டிமீனர் எனப்படும் சிறுகுற்றத் தண்டனை இருந்தாலும் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க முடியாது, ஆகவே இந்த வேலையும் நடக்காது. உடல் பரிசோதனை, மனநலப் பரிசோதனை இரண்டும் உண்டு. இனம், மதம், பால் பற்றிய வெறுப்பு மனதில் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பதையும் 2020-ல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

எழுத்துத் தேர்வுக்கு 'பெலட் பி' என்று பெயர். ஆங்கிலம் படித்து, எழுதும் திறனைச் சோதிப்பது. அதில் 'குளோஸ்' என்று ஒரு பகுதி: ஒரு பத்தியைக் கொடுத்து, ஏழு சொல்லுக்கு ஒரு சொல்லை எடுத்துவிட்டு, நிரப்பச் சொல்வார்கள். கணக்கில் புலியாக இருக்கிற நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சின்னச் சின்ன இணைப்புச் சொற்கள் காதில் பழகியிருந்தால்தான் வரும். தினமும் உள்ளூர்ச் செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பதைத் தவிர இதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண்ணை மாநில சராசரி 50 வருகிற மாதிரி மாற்றித் தருவார்கள். எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த அலுவலகம் முடிவுசெய்யும்.

அடுத்தது பின்புல விசாரணை. பலரை அலைக்கழிப்பது இதுதான். தனிநபர் வரலாற்றுப் படிவம் என்று ஒரு கட்டுத் தாள் கொடுப்பார்கள். கடந்த பத்து வருடத்தில் எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், யாரோடு தங்கியிருந்தீர்கள், எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள், உறவினர் யார், கடன் என்ன என்று எல்லாம் கேட்கும். என் அக்கா குடும்பம் வாடகை ஏறும்போதெல்லாம் வீடு மாறிய குடும்பம். மில்பிடாஸ், சான்டா கிளாரா, மறுபடி மில்பிடாஸ் என்று ஏழு அபார்ட்மென்ட். பழைய லீஸ் தாள்களைத் தேடி மூன்று வாரம் கராஜில் அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்தோம். நடுவில் எட்டு மாதம் சென்னையில் பாட்டி வீட்டில் இருந்ததை எழுதவா வேண்டாமா என்று கேட்டான். எழுதுடா என்றேன். மறைத்த விஷயம் சின்னதாக இருந்தாலும், மறைத்தது என்பது பெரிய விஷயமாகிவிடும். பல அலுவலகங்களில் பொய் கண்டறியும் கருவிச் சோதனையும் வைக்கிறார்கள். பழைய தவறுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை விட, அதைப் பற்றிப் பொய் சொன்னதால் போனவர்கள் அதிகம் என்று இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

அகாடமி

இதற்கெல்லாம் விதி வகுப்பது 1959-ல் தொடங்கிய அந்தப் பயிற்சி ஆணையம். ஆங்கிலச் சுருக்கத்தில் எல்லாரும் 'போஸ்ட்' என்பார்கள். தபாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் ரெகுலர் பேசிக் கோர்ஸ் குறைந்தது 664 மணி நேரம். நடைமுறையில் பெரும்பாலான அகாடமிகள் அதைத் தாண்டிப் போகின்றன. முழுநேரமாகப் படித்தால் ஆறு மாதம் வரை ஆகும். பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலையும் வார இறுதியுமாக நடக்கும் நீட்டித்த வகுப்பும், மூன்று பகுதிகளாகப் பிரித்து முடிக்கும் மாடுலர் முறையும் சில அகாடமிகளில் உண்டு. ஷெரீஃப் அலுவலகம் வேலையில் சேர்த்துக்கொண்டு அனுப்பினால் சம்பளத்தோடு படிக்கலாம். சொந்தக் காசில் படிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முடித்துவிட்டு வேலை தேட வேண்டும்.

பாடம் 'லேர்னிங் டொமைன்' என்று எண் போட்டுப் பிரித்திருக்கும். குற்றவியல் சட்டம், கைதுச் சட்டம், சோதனையும் பறிமுதலும், பலப்பிரயோகம், வண்டி ஓட்டுதல், துப்பாக்கி, குடும்ப வன்முறை என்று நாற்பதுக்கு மேல். எல்லாரும் துப்பாக்கியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பலரை மண்டியிட வைப்பது 18-ம் டொமைன், அறிக்கை எழுதுதல். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் கத்தினார்கள், கதவு திறந்திருந்ததா, நீங்கள் திறந்தீர்களா என்று வரிசையாக, நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி எழுத வேண்டும்.

உடற்தகுதிச் சோதனைக்கு ஐந்து அங்கம்: 99 கஜம் தடை ஓட்டம், ஆறடி கம்பிவேலி, ஆறடிச் சுவர், 500 கஜம் ஓட்டம், அப்புறம் 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுப்பது. 165 பவுண்டு என்றால் ஏறக்குறைய 75 கிலோ. என் அக்கா மகன் பொம்மைக்குப் பதிலாக, இந்தியன் ஸ்டோரில் வாங்கிய 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை எட்டைப் பழைய கித்தான் பைக்குள் திணித்துக் கட்டி, கொல்லைப்புறத்தில் பின்னோக்கி இழுத்துப் பழகினான். மூன்றாவது நாள் பை கிழிந்தது. அக்கா புல்வெளியில் குந்தி அரிசி பொறுக்கிக்கொண்டே அவனைத் திட்டியது எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும். அதைப் பார்த்து நான் ஒன்று கற்றுக்கொண்டேன்: இழுப்பது கையால் இல்லை, தொடையால். குந்தி, பொம்மையின் அக்குளுக்கடியில் கை கோத்து, முதுகை நிமிர்த்தி எழுந்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் போக வேண்டும். முதுகை வளைத்தால் பத்தாவது அடியிலேயே பிடித்துக்கொள்ளும்.

அகாடமி முடிந்தால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. மூத்த அதிகாரி ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கவனிக்கும் களப்பயிற்சி குறைந்தது 10 வாரம். அதற்குப் பின் தகுதிகாண் காலம். அதுவும் தாண்டிய பிறகுதான் பேசிக் சான்றிதழ்.

பதவியில் இருக்கும்வரை தொடரும் பயிற்சி

சான்றிதழ் கையில் வந்த பிறகு, ஒவ்வொரு இரண்டு வருடத்துக்கும் குறைந்தது 24 மணி நேரத் தொடர்பயிற்சி. ரோந்து, போக்குவரத்து, விசாரணை என்று ஆட்களைக் கைதுசெய்யும் பணியில் இருப்பவர்கள் அந்த 24-க்குள் 18 மணி நேரத்தை 'அழியும் திறன்கள்' என்ற பட்டியலுக்குச் செலவிட வேண்டும்: கைதும் கட்டுப்பாடும் 4, வண்டி ஓட்டுதல் 4, துப்பாக்கித் தந்திரம் 4, பலப்பிரயோகம் 4, பேச்சுத்திறன் 2. பெயர் பொருத்தமானது. பயன்படுத்தாவிட்டால் அழிந்துபோகும் திறன்கள்தான் இவை. இடைநிலை மேலாளர் பதவிக்கோ அதற்கு மேலேயோ போனால் இந்த 18 மணி நேரக் கட்டாயம் இல்லை.

இது தவிர, சட்டமன்றம் தனித்தனியாகக் கட்டாயமாக்கியவை உண்டு. இனப் பாகுபாடு பற்றிய மறுபயிற்சி 5 வருடத்துக்கு ஒருமுறை, குடும்ப வன்முறை பற்றியது 2 வருடத்துக்கு ஒருமுறை, முதலுதவி, சி.பி.ஆர். புதுப்பித்தல் என்று பட்டியல் நீளும். கவுண்டிச் சிறையில் பணிபுரிபவர்களுக்கு வேறு வாரியம், வேறு கணக்கு: வருடத்துக்கு 24 மணி நேரம்.

இரண்டு வருடத்துக்கு 24 மணி என்பது தரை மட்டம். என்னைக் கேட்டால் அது குறைவு. ஒரு சட்டம் மாறினாலே அந்த நேரம் போதாது. உதாரணத்துக்கு ஏபி 392: உயிர்போக்கும் பலத்தை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கான அளவுகோலை 2020 ஜனவரி முதல் இறுக்கியது. 'நியாயமானதா' என்று இருந்த கேள்வியோடு 'அவசியமா' என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது. பதினைந்து வருடம் பழைய பாடத்தில் ஊறிய கைக்கு இதைப் புரியவைக்க ஒரு மதிய வகுப்பு எப்படிப் போதும்? நல்ல அலுவலகங்கள் இந்தத் தரைக்கு மேலே நிறையக் கட்டுகின்றன. நேர்முகத் தேர்வில் "இங்கே வருடத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கொடுக்கிறீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே அந்த இடத்தைப் பற்றித் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு படி ஏறும்போதும் வேறு வகுப்பு. சார்ஜென்ட் ஆனால் 80 மணி நேர மேற்பார்வையாளர் வகுப்பு. அதற்கு மேலே மேலாண்மை வகுப்பு. இன்னும் மேலே போகிறவர்களில் சிலரை வர்ஜீனியாவில் குவான்டிகோவில் இருக்கும் எஃப்.பி.ஐ. நேஷனல் அகாடமிக்கு 10 வாரம் அனுப்புவார்கள். கடைசியில் ஆறு மைலுக்கு மேல் மலையும் காடுமாக ஓடி முடித்தால் ஒரு மஞ்சள் செங்கல் கொடுப்பார்கள். உயரதிகாரிகள் மேசைகளில் அந்தச் செங்கல் இருந்தால் காரணம் இதுதான். புதிதாக ஜெயித்த ஷெரீஃபுகளுக்கு மாநில ஷெரீஃப் சங்கமும் தேசிய ஷெரீஃப் சங்கமும் பயிற்சி நடத்துகின்றன. பட்ஜெட், சிறை வழக்குகள், கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவோடு மல்லுக்கட்டுவது எல்லாம் ரோந்துக் காரில் கற்றுக்கொள்ள முடியாத பாடங்கள்.

இடைவெளி விடுவதில் கவனம் தேவை. வேலையை விட்டு 3 வருடம் தாண்டினால் மறுபடி தகுதிப் பயிற்சி எடுக்க வேண்டும். எஸ்பி 2 என்ற சட்டத்தால், 2023 தொடக்கம் முதல், கடுமையான முறைகேடு செய்தவரின் சான்றிதழை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் வந்திருக்கிறது. அதற்கு முன்பு ஒரு கவுண்டியில் நீக்கப்பட்டவர் அடுத்த கவுண்டியில் போய்ச் சேர்ந்துகொள்ள முடிந்தது.

வேட்புமனு

ஷெரீஃப் பதவி கட்சி சார்பற்றது. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. முதற்கட்டத் தேர்தலிலேயே பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால் வெற்றி. இல்லாவிட்டால் முதல் இருவர் நவம்பரில் மோத வேண்டும். பதவிக்காலம் 4 வருடம். 2022-ல் வந்த ஏபி 759, ஷெரீஃப் தேர்தலை அதிபர் தேர்தல் வருடத்துக்கு மாற்றியதால், 2022-ல் ஜெயித்தவர்கள் பெரும்பாலான கவுண்டிகளில் 6 வருடம் இருப்பார்கள். அடுத்த தேர்தல் 2028-ல். தங்கள் சாசனத்தில், அதாவது கவுண்டியின் அடிப்படைச் சட்டத்தில், முன்பே வேறு தேர்தல் ஆண்டை எழுதிவைத்த கவுண்டிகளுக்கு விலக்கு உண்டு.

மனுத்தாள் தேர்தலுக்கு 113-ம் நாளுக்கு முன்பு கிடைக்காது. 88-ம் நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதவியில் இருப்பவர் மனுப் போடாவிட்டால் மற்றவர்களுக்கு 5 நாள் கூடுதல். சட்டம் மாறாதிருந்தால் முதற்கட்டத் தேர்தல் 2028 மார்ச் 7. எண்ணிப் பார்த்தால் 2027 நவம்பர் 15 முதல் டிசம்பர் 10 வரை. கவுண்டி வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மனுவோடு 20 முதல் 40 வாக்காளர்களின் முன்மொழிவுக் கையெழுத்து, சொத்து விவரப் படிவம், பதவியின் சம்பளத்தைப் பொறுத்த கட்டணம் ஆகியவை வேண்டும். கட்டணத்தைக் கூடுதல் கையெழுத்துகளால் ஈடுகட்டலாம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, தேர்தல் சட்டத் தொகுப்பின் 13.5-ம் பிரிவு கேட்கும் ஆவணங்கள்: 24004.3-ல் நீங்கள் எந்த வழியில் வருகிறீர்கள் என்று காட்டும் சான்றிதழ், பட்டம், பணி அனுபவக் கடிதம். முழுநேரம், சம்பளம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். "அருமையான ஊழியர்" என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. இதைக் கடைசி வாரத்தில் கேட்டு வாங்க முடியாது. ஆறு மாதம் முன்பே கேட்டு வையுங்கள்.

ஜெயித்த பிறகு யாரும் அசைக்க முடியாது என்றும் நினைக்க வேண்டாம். சான்டா கிளாரா கவுண்டியில் 1998-ல் முதன்முறை ஜெயித்துப் பதவியில் இருந்துவந்த ஷெரீஃப் லாரி ஸ்மித் மீது, துப்பாக்கி அனுமதி வழங்கியது தொடர்பாக சிவில் கிராண்ட் ஜூரி எனப்படும் குடிமக்கள் விசாரணைக் குழு குற்றச்சாட்டு சுமத்தியது. 2022 அக்டோபர் கடைசியில், விசாரணை முடியும் தறுவாயில் அவர் ராஜினாமா செய்தார்; சில நாளிலேயே ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அதே நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வாக்காளர்கள், தகுந்த காரணம் இருந்தால் ஐந்தில் நான்கு மேற்பார்வையாளர்கள் சேர்ந்து ஷெரீஃபை நீக்கலாம் என்று சாசனத்தையே திருத்தினார்கள்.

என் அக்கா மகன் இப்போது ஒரு கவுண்டியில் டெப்யூட்டி. சான் ஹோசே ஸ்டேட்டில் வாங்கிய இளங்கலைப் பட்டம் இருக்கிறது, அதனால் அவனுக்குத் தேவை 2 வருடம். போன வாரம் சாப்பிட வந்தபோது விரல் மடக்கி எண்ணிவிட்டு, "மாமா, 2028-க்கே எனக்குத் தகுதி வந்துடும் போலிருக்கே" என்றான். "வரும். முதல்ல அந்த சி.பி.ஆர். கார்டு எப்ப காலாவதி ஆகுதுன்னு பாரு" என்றேன். பர்ஸை எடுத்துப் பார்த்தான். அடுத்த மாதம்.